கியூபாவில் பத்து நாள்: ஹவானாவிலேயே தங்கிவிடலாமா, மற்ற ஊர்களுக்கும் போகலாமா?

ஹவானாவுக்கு மூன்று நாள் போதும். மிச்சத்தை டிரினிடாடுக்கும் வின்யாலேஸுக்கும் கொடுங்கள். 2023 பிப்ரவரியில் நானும் மனைவியும் இதைத் தலைகீழாகச் செய்தோம். ஹவானாவில் ஆறு நாள் சுற்றிவிட்டு, மற்ற இரண்டு ஊரையும் ஓட்டமும் நடையுமாகப் பார்த்தோம். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஹவானா சோடை என்று சொல்லவில்லை. பழைய நகரத்தின் நான்கு சதுக்கங்கள், சாயங்காலம் மலேகோன் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து அரட்டை, இரவு 9 மணிக்கு லா கபான்யா கோட்டையில் பீரங்கி வெடி, எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஊர் மதில் கதவைச் சாத்தும் நேரத்தை அறிவிக்க அந்தக் காலத்தில் வெடித்தார்கள். மதிலை 1863இல் இடிக்க ஆரம்பித்தாயிற்று, வெடி மட்டும் நிற்கவில்லை. அந்தக் கோட்டைக்கும் ஒரு கதை உண்டு. 1762இல் ஆங்கிலேயர் ஹவானாவைப் பிடித்துக்கொண்டார்கள். மறுவருஷம் ஸ்பெயின் ஃபுளோரிடாவையே கொடுத்து ஊரை மீட்டது. சூடு பட்ட பூனையாக, திரும்பி வந்த கையோடு கட்ட ஆரம்பித்ததுதான் லா கபான்யா.

டிரினிடாட் ஹவானாவிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். (டிரினிடாட் டொபாகோ என்ற தனித் தீவு நாடு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஷேர் டாக்சியில் ஐந்து மணி நேரம் என்றார்கள். எங்கள் வண்டி நடுவழியில் படுத்துவிட்டதால் எட்டு மணி நேரம் ஆனது. 1514இல் உருவான ஊர். கூழாங்கல் பதித்த தெரு, மஞ்சளும் நீலமும் பூசிய ஓட்டு வீடுகள், ஆள் உயர ஜன்னல்களுக்குக் கம்பி அழி. முதல் நாள் எங்கள் போன் முழுக்க ஜன்னல் படம்தான். கூழாங்கல்லில் செருப்புப் போட்டு நடந்து என் கணுக்கால் வீங்கியது தனிக் கதை. ஷூ எடுத்துப் போங்கள்.

இந்த அழகுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்பது ஊருக்குள் தெரியாது. பக்கத்தில் சர்க்கரை ஆலைப் பள்ளத்தாக்கு இருக்கிறது, அங்கே போனால்தான் விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐம்பதுக்கு மேற்பட்ட ஆலைகள் இருந்த இடம். கரும்பு வெட்டியதும் ஆலையில் வெந்ததும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். மனாகா இஸ்னாகா என்ற தோட்டத்தில் 45 மீட்டரில் ஏழு அடுக்குக் கோபுரம் நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் மாதா கோவில் என்றே நினைப்பீர்கள். அடிமைகள் வேலையை விட்டு ஓடாமல் கண்காணிக்கக் கட்டியது. மணி அடித்தால் வேலை தொடக்கம், மணி அடித்தால் முடிவு. அந்தப் பெரிய மணியை இப்போது கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள். மேலே ஏறி நின்றால் பச்சைப் பசேலென்று நாலாபக்கமும் தெரிகிறது. ‘ஆகா, என்ன காட்சி’ என்று வாய் வரைக்கும் வந்தது. அந்தக் காலத்தில் இதே இடத்தில் யார் நின்று எதைப் பார்த்தார்கள் என்று நினைத்ததும் அடங்கிவிட்டது. கியூபாவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1886இல்தான். கோபுரத்தடியில் பெண்கள் பூவேலை செய்த வெள்ளை மேஜைத் துணி விற்கிறார்கள். பின்பக்கம் பழைய செக்கில் கரும்புச்சாறு பிழிந்து தருகிறார்கள்.

பிறகு சர்க்கரைத் தொழில் வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. டிரினிடாடில் பணம் வற்றியது, இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் வசதியில்லை. ஊர் பழைய கோலத்தில் தப்பியது அப்படித்தான். 1988இல் ஊரையும் பள்ளத்தாக்கையும் சேர்த்தே யுனெஸ்கோ பட்டியலில் வைத்தார்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் பார்த்ததாகும்.

வின்யாலேஸ் மேற்கே, புகையிலை நாடு. செம்மண் வயலின் நடுவே திடீர் திடீரென்று செங்குத்தாக எழும் சுண்ணாம்புக்கல் குன்றுகள். ஏர் ஓட்டுவது இன்றும் மாடுதான். ஓலை வேய்ந்த கொட்டகையில் புகையிலையைத் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள், உள்ளே போனாலே மூக்கு கமறும். ஒரு விவசாயி எங்கள் கண்ணெதிரே இலையைச் சுருட்டிக் கொடுத்தார். ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்பது நம் ‘சுருட்டு’ என்ற சொல்லிலிருந்து போனது என்று அவரிடம் சொல்ல ஆசை. எனக்கு ஸ்பானிஷ் வராது, சைகையில் அதைச் சொல்ல முடியவில்லை.

தங்குவதற்கு ஓட்டல் வேண்டாம். வாசலில் நங்கூரம் மாதிரி நீலக் குறி போட்ட வீடுகளைத் தேடுங்கள். ‘காசா பர்ட்டிகுலர்’ என்பார்கள், குடும்பம் இருக்கும் வீட்டில் ஒரு அறை. சாப்பாடும் அங்கேதான் நன்றாக இருந்தது. கறுப்பு பீன்ஸ் சோறு, வறுத்த வாழைக்காய், பூண்டும் புளிப்பு ஆரஞ்சும் ஊற்றிய மரவள்ளி. சேலத்துக்காரனான எனக்கு அது குச்சிக்கிழங்கு, இரண்டு தட்டு உள்ளே போயிற்று.

பணத்தை யூரோ நோட்டாக, அதுவும் சில்லறை நோட்டாகக் கொண்டுபோங்கள். கார்டை நம்ப வேண்டாம். மின்வெட்டு கட்டாயம் இருக்கும். 2024 அக்டோபரில் நாடு முழுக்கவே மின்சாரம் போனது. டார்ச், பவர் பேங்க், வழக்கமான மாத்திரைகள் கையில் இருக்கட்டும்.

அப்புறம், வரிசை. ரொட்டிக் கடையோ வங்கியோ, வெளியே ஆட்கள் சிதறி நிற்பார்கள், வரிசையே இல்லாத மாதிரி இருக்கும். போனதும் ‘உல்திமோ?’, அதாவது ‘கடைசி ஆள் யார்?’ என்று கேளுங்கள். ஒருவர் கை தூக்குவார். அவருக்குப் பின்னால் நீங்கள். அவர் முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு நிழலில் போய் உட்காரலாம். மனைவி இரண்டாம் நாளே பழகிவிட்டாள். நான் ஊர் திரும்பும் வரை முன்னால் இருந்தவர் முதுகை ஒட்டியே நின்றுகொண்டிருந்தேன்.