ரீஷூட் கிளம்பும் முன் ஒரு ரஃப் கட் போடுங்கள்

கேள்வி: மதுரையில் விஷுவல் கம்யூனிகேஷன் இறுதியாண்டு படிக்கிறேன். டிசம்பரில் மொபைலில் ஒரு குறும்படம் எடுத்தோம். செல்லூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் அப்பாவும் மகனும் பேசும் காட்சி, அப்புறம் வைகைக் கரையில் உச்சிவெயிலில் ஒரு காட்சி. டீக்கடையில் படம் துடிக்கிறது, வசனம் ஹாரனில் அமுங்கிவிட்டது, இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசுகிற மாதிரியே இல்லை. ஏப்ரலில் முழுப் படத்தையும் மறுபடி எடுக்கலாமா? மகனாக நடித்தவர் தாடியை எடுத்துவிட்டார்.

பதில்: முழுப் படமும் வேண்டாம். எது ஏன் கெட்டது என்று பார்க்காமல் ஸ்பாட்டுக்குத் திரும்பிப் போனால் அதே தவறைத்தான் திரும்ப எடுத்துக்கொண்டு வருவீர்கள். முதலில் கையில் இருப்பதை வைத்து ரஃப் கட் போடுங்கள், அதாவது ஷாட்டுகளைக் கதை வரிசையில் தோராயமாக ஒட்டிப் பாருங்கள். தேறாத ஷாட் வரும் இடத்தில் கறுப்புத் திரை வைத்து ‘அப்பா க்ளோசப்’ என்று எழுதிவிடுங்கள். கடைசிவரை ஓட்டிப் பார்த்தால் நிஜமாகவே எடுக்கவேண்டியது கொஞ்சம்தான் என்று தெரியும். சினிமாக்காரர்கள் பேட்ச் ஒர்க் என்று சொல்வது இதைத்தான்.

முகம் பார்க்காத பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். பேசும் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமராவை அதற்கு ஒரே பக்கம் நிறுத்த வேண்டும். நடுவில் கோட்டைத் தாண்டியிருப்பீர்கள். அப்பா இடதுபக்கம் பார்க்கிறார், மகனும் இடதுபக்கம் பார்க்கிறார் என்றால் காரணம் அதுதான். எடிட்டிங்கில் ஷாட்டைப் புரட்டிப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். பின்னால் கடைப் பலகை இருந்தால் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிக் காட்டிக்கொடுக்கும். சட்டைப் பையும் வலதுபக்கம் போய்விடும். அப்பாவின் க்ளோசப்புகளை மட்டும் சரியான பக்கத்திலிருந்து எடுத்தால் காட்சி நேராகிவிடும். மகனை முதுகுப்பக்கமிருந்து, தோள் மட்டும் தெரிகிற சஜஷன் ஷாட்டாக வையுங்கள். தாடிப் பிரச்சினையும் அதோடு முடிந்தது. ஒட்டுத் தாடி க்ளோசப்பில் நிற்காது.

துடிப்புக்குக் காரணம் கடையின் விளக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 முறை மங்கி எரியும். மொபைலை ஆட்டோவில் விட்டால் ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளியை உள்ளே விடும் நேரம், அதோடு ஒத்துப்போகாமல் பட்டை பட்டையாக விழும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் பூட்டுங்கள். ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) பூட்டிவிடுங்கள். ஃபிரேம் எண்ணிக்கையை மட்டும் மாற்றாதீர்கள். பழைய ஷாட்டுகள் நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் புதியதும் 30தான். இல்லையென்றால் இரண்டும் சேரும் இடத்தில் அசைவு உதைக்கும்.

ஒலி கெட்டதற்கு ரீஷூட் மருந்தே இல்லை. தூங்கா நகரத்தில் டீக்கடை வாசலில் அமைதி எப்போது கிடைக்கும்? உதட்டசைவு தெளிவாக இருக்கும் ஷாட்டுகளுக்கு வீட்டில் சுவரோரம் மெத்தையும் போர்வையும் சாத்தி, டப்பிங் செய்துகொள்ளுங்கள். ஹாரனோடு பதிவான பழைய வசனத்தை அழித்துவிடாதீர்கள். நடிகர் எங்கே மூச்சு விட்டார், எங்கே இழுத்தார் என்பதற்கு அதுதான் வழிகாட்டி. புதிய ஷாட்டுகளுக்கு, டேக் முடிந்த கையோடு அதே இடத்தில் வசனத்தை மட்டும் தனியாக ஒருமுறை பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். யாரும் பேசாமல் கடையின் சத்தத்தை மட்டும் அரை நிமிடம் எடுங்கள். டப்பிங் குரலுக்கு அடியில் அது ஓடாவிட்டால், ஆட்கள் கடைக்குள் இல்லாமல் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோலக் கேட்கும்.

உங்களுக்கு உண்மையான சிக்கல் ஆற்றங்கரைக் காட்சிதான். டிசம்பர் உச்சிவேளையில் மதுரையில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். ஐந்தரை அடி ஆளின் நிழல் மூன்றரை அடிக்கு வடக்கே விழும். ஏப்ரல் நடுவில் அதே நேரத்துக்குச் சூரியன் நேர் உச்சந்தலையில். நிழல் காலடியில் சுருண்டுவிடும், கண்குழி இருண்டுபோகும். காலை பத்து மணிவாக்கில் சூரியனின் உயரம் டிசம்பரோடு ஒத்துவரும், ஆனால் வெயில் கிழக்கிலிருந்து வரும். ஆகவே ஆட்களையும் கேமராவையும் சேர்த்துத் திருப்பி நிறுத்த வேண்டியிருக்கும். பின்னணி மாறுவதால் க்ளோசப்புக்கு மட்டும்தான் இது சரிப்படும். டிசம்பர் ஷாட்டில் தண்ணீர் ஓடியிருந்தால் ஏப்ரலில் வெறும் மணல் இருக்கலாம். வைட் ஷாட்டுக்குப் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பாட்டுக்குப் போகும்போது ரஃப் கட்டை லேப்டாப்பில் கொண்டுபோங்கள். ஒவ்வொரு புதிய ஷாட்டுக்கும் முன்னால், அதற்கு முந்தைய பழைய ஷாட்டின் கடைசி ஃபிரேமை நிறுத்திப் பாருங்கள்: டீ கிளாஸ் எந்தக் கையில், டீ எவ்வளவு இருக்கிறது, துண்டு எந்தத் தோளில். இதைப் பார்ப்பதற்கென்றே ஒருவரை நியமியுங்கள். இயக்குநர் நடிப்பைத்தான் பார்ப்பார், கிளாஸைப் பார்க்க மாட்டார்.

தேதி குறிக்கும்போது சித்திரைத் திருவிழா என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் வைகைக் கரையில் ட்ரைபாட் வைக்கக்கூட இடம் கிடைக்காது.