மூடிய கதவு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஆண்டு ஒரே இரவில் எங்கள் குடியிருப்பை வெள்ளம் சூழ்ந்தது. கீழ்த்தளத்தில் தனியாக வசிக்கும் மூதாட்டி என் கதவைத் தட்டியபோது, சேர்த்துவைத்த குடிநீர் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் நான் திறக்கவில்லை. கூச்சல் போடுகிறவர்கள் என்று நான் ஒதுக்கியிருந்த இளைஞர்கள்தான் அவரைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துச்சென்றார்கள். மூன்றாம் நாள் வெட்கத்தோடு நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். அடுத்த ஆறு நாட்கள் உணர்ந்த நெருக்கத்தை வாழ்நாளில் உணர்ந்ததில்லை. நீர் வடிந்ததும் எல்லோரும் அவரவர் வீட்டுக்குள் போய்விட்டோம். என் விழுமியங்கள் என்று நான் நம்பியவை பொய்யா? அந்த ஒன்பது நாள் சமூகம் உண்மையா, இன்றைய மூடிய கதவுகள் உண்மையா?

கே.

அன்புள்ள கே.,

கேடு என்பது சுற்றத்தை அளக்கும் கோல் என்பது நம் மொழியில் மிகப் பழைய எண்ணம். அந்தக் கோல் கையில் கிடைத்தவர்கள் பெரும்பாலும் பிறரைத்தான் அளக்கிறார்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்ற கணக்கு தலைமுறை தாண்டியும் தீராமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அதை உங்கள் பக்கம் திருப்பியிருக்கிறீர்கள்.

உங்கள் விழுமியங்களைப் பொய் என்று சொல்லமாட்டேன். எல்லாம் தடையின்றி வந்துகொண்டிருக்கும் காலத்தில் ஈகை என்பது மிச்சத்திலிருந்து கொடுப்பது. தனக்கே போதுமா என்ற ஐயம் எழும் இடத்தில் கொடுப்பது வேறொரு பழக்கம், அது உங்களுக்கு அதுவரை தேவைப்படவில்லை. அந்த இளைஞர்களுக்குத் தேவைப்பட்டிருக்கலாம் என்பது என் ஊகம்.

இரண்டாவது கேள்விதான் கடினமானது. 1995 ஜனவரி 17 அதிகாலையில் ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கி 6,400 பேருக்கு மேல் இறந்தபோது, இடிபாடுகளில் சிக்கி உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே எடுத்தவர்கள் மீட்புப் படையினர் அல்லர், குடும்பத்தினரும் அக்கம்பக்கத்தாருமே. எந்தச் சுவருக்குப் பின்னால் யார் தூங்குவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பின்னர் தற்காலிக வீடுகள் ஒதுக்கப்பட்டன. முதியோருக்கும் உடற்குறை உள்ளோருக்கும் முன்னுரிமை அளித்து, குலுக்கல் முறையில், நேர்மையாகவே ஒதுக்கினார்கள். ஆனால் அந்த நேர்மையில் பழைய தெருக்கள் கலைந்துபோயின. அறிமுகமற்றவர்களுக்கு நடுவே, எவரும் அறியாமல் தனிமையில் இறந்து பின்னர் கண்டெடுக்கப்பட்டவர்கள் அந்த வீடுகளில் மட்டும் 200 பேருக்கு மேல். நிலநடுக்கத்தில் தப்பியவர்கள் அவர்கள். நெருக்கம் மனதில் ஊறும் உணர்ச்சி மட்டுமல்ல, அன்றாடம் கண்ணில் படுவதும் குரல் கேட்பதும் சேர்ந்த ஏற்பாடு என்பதை எனக்குப் புரியவைத்த செய்தி இது. உங்கள் ஒன்பது நாட்களில் அந்த ஏற்பாட்டை வெள்ளமே செய்து தந்தது: எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே படிக்கட்டு, பதவிக்கும் வருமானத்துக்கும் மதிப்பில்லாத ஒரு சிறு காலம். நீர் வடிந்தபோது அதுவும் போயிற்று. ஆகவே இரண்டும் உண்மைதான்.

ஆனாலும் அந்த நாட்களை நீங்கள் மிகவும் பொன்னாக்கிவிட வேண்டாம். அதே ஜப்பானில், 1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோவும் யோகோஹாமாவும் நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்தபோது, கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற வதந்தி பரவியது. தெருத்தெருவாகத் தற்காப்புக் குழுக்கள் எழுந்தன. அவற்றில் இருந்தவர்களும் அக்கம்பக்கத்தார்தான், அவர்களும் ஒருவருக்கொருவர் துணையாக நின்றவர்கள்தான். ஆயிரக்கணக்கான கொரியர்கள் அவர்கள் கையாலும், சில இடங்களில் ராணுவத்தினர், காவல்துறையினர் கையாலும் கொல்லப்பட்டார்கள். ஒன்றுபட்டு நிற்பது தன்னளவில் அறம் என்று நினைப்பதை நான் விட்டது இதைப் படித்த பிறகே. ‘நாம்’ என்ற சொல்லின் எல்லை எங்கே முடிகிறது என்பதை, பீதி மிகுந்த ஒரு நாளில், நாம் முன்பே வைத்திருந்த பழக்கங்கள் தீர்மானித்துவிடுகின்றன. அன்று இரவு உங்கள் எல்லை உங்கள் கதவோடு முடிந்தது. இளைஞர்களைப் பற்றி அதற்கு முன்பே நீங்கள் எழுதிவைத்திருந்த தீர்ப்பும் அதே எல்லையின் இன்னொரு பக்கம்தான்.

எனவே ‘நான் நல்லவனா’ என்று இனியும் உங்களைக் குடைந்துகொண்டிருப்பதில் பயனிருப்பதாகத் தோன்றவில்லை. அந்தக் கேள்வியிலும் நீங்கள் ஒருவர் மட்டுமே இருக்கிறீர்கள். வெள்ளம் உருவாக்கித் தந்த ஏற்பாட்டில் எதை வெள்ளம் இல்லாமலே வைத்துக்கொள்ள முடியும் என்று பாருங்கள். பெரிய சங்கம் எதுவும் வேண்டியதில்லை. யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு என்ன மருந்து, யாரிடம் மாற்றுச் சாவி என்பது நான்கு வீடுகளுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்த மூதாட்டியின் பெயர் அதில் எங்கும் இல்லை. கண்ணியம் கருதி விட்டீர்களா, தெரியாமல் விட்டீர்களா? தெரியாது என்றால், இம்முறை நீங்கள் போய் அவர் கதவைத் தட்டுங்கள்.