டிரையரின் முகத்தில் ஒரு பெயர், தகட்டில் இன்னொரு பெயர்

கேள்வி: அமெரிக்காவில் நியூஜெர்சியில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டோடு, கென்மோர் என்று பெயர் பொறித்த மின்சார டிரையர் (துணி உலர்த்தும் இயந்திரம்) ஒன்றும் வந்தது. ஒரு வாரமாக டிரம் சுற்றுகிறது, ஆனால் சூடு வருவதில்லை. உதிரிபாகக் கடையில் கேட்டால், அதை உண்மையில் தயாரித்த நிறுவனம் எது என்று தெரிந்தால்தான் ஹீட்டர் தர முடியும் என்கிறார்கள். கென்மோர் டிரையரை கென்மோர் அல்லாமல் வேறு யார் தயாரித்திருக்க முடியும்? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கடைக்காரர் கேட்டது நியாயமான கேள்விதான். கென்மோர் என்பது சியர்ஸ் என்னும் விற்பனை நிறுவனம் தான் விற்ற வீட்டு உபயோகப் பொருட்களுக்கு இட்ட பெயர்; அந்தப் பெயரில் தனியாக ஒரு தொழிற்சாலை கிடையாது. வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நிறுவனங்கள் செய்துகொடுத்த இயந்திரங்கள் அந்த ஒரே பெயரில் கடைக்கு வந்தன. அவற்றுள் மிகப் பழைய உறவு வேர்ல்பூலுடையது. மிச்சிகன் மாநிலத்தில் 1911-இல் தொடங்கப்பட்ட அப்டன் மெஷின் கம்பெனி 1916-இல் சியர்ஸுக்குச் சலவை இயந்திரங்கள் கொடுக்க ஆரம்பித்தது. கென்மோர் என்ற பெயர் தாங்கிய சலவை இயந்திரம் வந்தது 1927-இல்தான். அந்த அப்டன் நிறுவனமே பின்னாளில் வேர்ல்பூல் ஆயிற்று. ஆகவே உங்கள் வீட்டில் இருப்பது பழைய டிரையர் என்றால் வேர்ல்பூல் தயாரிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் வாய்ப்பை நம்பி உதிரிபாகம் வாங்கக் கூடாது.

தேடலில் இறங்குமுன் ஒன்றைச் செய்துவிடுங்கள். அமெரிக்க மின்சார டிரையருக்கு 240 வோல்ட் இரண்டு கம்பிகளில் வருகிறது. ஹீட்டருக்கு இரண்டும் வேண்டும், மோட்டாரோ அவற்றில் ஒன்றை மட்டும் கொண்டு 120 வோல்ட்டில் ஓடிவிடும். வீட்டு மின்பெட்டியில் இந்த இரண்டு கம்பிகளுக்கும் சேர்த்து உள்ள இரட்டை பிரேக்கரில் ஒரு பக்கம் மட்டும் துண்டிக்கப்பட்டிருந்தால், நீங்கள் சொல்லும் அதே அறிகுறிதான் தெரியும்: டிரம் சுற்றும், சூடு வராது. பிரேக்கரை முழுவதுமாக அணைத்து மீண்டும் போட்டுப் பாருங்கள். அதிலேயே சரியாகிவிட்டால் யார் தயாரித்தார் என்ற ஆராய்ச்சிக்கு இப்போது அவசரமில்லை.

சரியாகவில்லையென்றால் மாடல் எண் உள்ள தகட்டைத் தேட வேண்டும். முன்பக்கப் பலகையில் பெரிதாக எழுதியிருக்கும் '70 சீரிஸ்', '80 சீரிஸ்', 'ஹெவி டியூட்டி' போன்ற சொற்கள் விற்பனைக்காக எழுதியவை. அவற்றால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. கதவைத் திறந்து, டார்ச் அடித்து, கதவு வந்து பொருந்தும் சட்டத்தின் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். பஞ்சுத் தூசி படிந்து சாம்பல் நிறமாகியிருக்கும் இடத்தை ஈரத்துணியால் மெல்லத் துடைத்தால் ஒட்டுத்தாளோ உலோகத் தகடோ தெரியவரும். அழுத்தித் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். சட்டத்தில் இல்லையென்றால் கதவின் உள்பக்கத்தையும், அங்கும் இல்லையென்றால் இயந்திரத்தின் முதுகையும் பாருங்கள். கிடைத்ததும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 6-ஐ 8 என்று படித்துத் தவறான பாகம் வாங்கியவன் நான்; கண்ணைவிடப் படம் நம்பகமானது.

கென்மோர் மாடல் எண்ணில் முதலில் மூன்று இலக்கங்கள், பிறகு ஒரு புள்ளி, பிறகு நீண்ட எண் என்று இருக்கும். புள்ளிக்கு முன்னால் உள்ள அந்த மூன்று இலக்கங்கள்தான் தயாரித்தவரின் குறியீடு. துணி துவைக்கும், உலர்த்தும் இயந்திரங்களைப் பொறுத்தவரை 110 என்றால் வேர்ல்பூல், 417 என்றால் ஃபிரிஜிடேர் பெயருக்குச் சொந்தக்காரரான எலக்ட்ரோலக்ஸ், 796 என்றால் எல்ஜி. இந்தக் குறியீடு பொருளுக்குப் பொருள் மாறும் என்பதால், வேர்ல்பூல் செய்த கென்மோர் குளிர்சாதனப் பெட்டியில் 106 என்று இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். கடையில் எண்ணைச் சொல்லும்போது புள்ளிக்கு முன்னால் உள்ளதை விட்டுவிட்டுச் சொல்வது பலரும் செய்யும் பிழை. பெரும்பாலான குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

தகடு உரிந்து போயிருந்தால் இயந்திரத்தின் அமைப்பே சாட்சி சொல்லும். பஞ்சு வடிகட்டியை மேல்தளத்திலிருந்து நீளமாக உருவி எடுக்கும்படி இருந்தால், அது ஏறக்குறைய உறுதியாக வேர்ல்பூலின் அமைப்பு. வடிகட்டி கதவு வாயில் இருந்தால் அதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. பல நிறுவனங்களும், வேர்ல்பூலும்கூட, அப்படிச் செய்திருக்கின்றன. அப்போது டிரம் பின்னால் எதன்மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வேர்ல்பூலில் பின்பக்கம் இரண்டு சிறு உருளைகள் டிரம்மைத் தாங்கும். ஃபிரிஜிடேரில் டிரம்மின் நடுவில் ஓர் உருண்டை முனை குழிக்குள் பொருந்தியிருக்கும். ஜெனரல் எலக்ட்ரிக் தயாரிப்பில் பின்னால் நடுவில் ஒரு தண்டும் அதன் பேரிங்கும், முன்னால் வழுக்குப் பட்டைகளும் இருக்கும். இதைப் பார்க்க இயந்திரத்தைத் திறக்க வேண்டியிருக்கும் என்பதால், பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை வைக்க வேண்டும்.

கென்மோர் அல்லாத பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு என்பதால் ஓர் எச்சரிக்கை. பெயர் இன்று யாருடையது என்பதும், உங்கள் இயந்திரத்தை அன்று யார் தயாரித்தார் என்பதும் வெவ்வேறு கேள்விகள். மேடேக் நிறுவனத்தை வேர்ல்பூல் 2006-இல் வாங்கியது. அதற்கு முன் செய்த மேடேக் டிரையரைத் திறந்தால் உள்ளே இருப்பது மேடேக்கின் சொந்த அமைப்புதான், ஆனால் அதற்கான பாகங்களை இன்று வேர்ல்பூலின் பட்டியலில்தான் தேட வேண்டும். ஜெனரல் எலக்ட்ரிக்கின் வீட்டு உபயோகப் பிரிவு 2016-இல் ஹையர் நிறுவனத்தின் கைக்குப் போனது. பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. ரோப்பர், எஸ்டேட் ஆகியவை வேர்ல்பூலின் பெயர்கள், ஹாட்பாயின்ட் ஜெனரல் எலக்ட்ரிக்கினுடையது. இவ்விடங்களில் தயாரிப்பு ஆண்டு தெரியாமல் பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது அனுமானமே.

உங்களுடையது 110-இல் தொடங்கி, வடிகட்டி மேலே இருக்கும் வகை என்று தெரியவந்தால், ஹீட்டர் கிடைப்பது எளிது. அந்த வகையில் பரவலாகப் பொருந்துவது வேர்ல்பூலின் 279838 என்ற எண்ணுள்ள ஹீட்டர். ஆனால் வாங்குவதற்கு முன் பழையது உண்மையிலேயே கெட்டதா என்று பார்த்துவிடுங்கள். பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் நின்ற வாக்கில் ஒரு நீண்ட உலோகப் பெட்டி தெரியும். ஹீட்டர் அதற்குள் இருக்கிறது. அதன் இரு முனைகளிலும் உள்ள கம்பிகளைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்தால் சுமார் 10 ஓம் காட்ட வேண்டும். 5400 வாட் ஹீட்டருக்கு 240 வோல்ட்டில் கணக்கு அப்படித்தான் வரும். மீட்டர் எதுவுமே காட்டவில்லையென்றால் சுருள் அறுந்திருக்கிறது. 10 ஓம் காட்டினால் ஹீட்டரில் பழுதில்லை. அதே பெட்டியின் மேல்பகுதியில் திருகியிருக்கும் வெப்பத் துண்டிப்பானை அளந்து பாருங்கள். அது அளவுக்கு மீறிய சூட்டில் ஒருமுறை அறுந்தால் தானாக ஒட்டாது. அருகிலுள்ள தெர்மோஸ்டாட்டுடன் சேர்த்து 279816 என்ற எண்ணில் ஜோடியாகவே விற்கிறார்கள்.

அந்தத் துண்டிப்பான்தான் அறுந்திருக்கிறதென்றால், புதியதைப் பூட்டுமுன் டிரையரிலிருந்து வீட்டின் வெளிச்சுவர் வரை போகும் காற்றுக்குழாயைக் கழற்றி உள்ளே அடைத்திருக்கும் பஞ்சை முழுவதும் எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் சூடான காற்று வெளியேற வழியில்லாமல் போனதால்தான் அது அறுந்திருக்கும். குழாயை அப்படியே விட்டுவிட்டுப் பாகத்தை மட்டும் மாற்றினால் புதியதும் அறுந்துவிடக்கூடும்.