வேலையில் இருப்பவருக்கு வழிகாட்டல் எதற்கு?

கேள்வி: மேலாண்மைக் கல்லூரி ஒன்றின் வேலைவாய்ப்புப் பிரிவில் இருக்கிறேன். பகுதிநேர எம்.பி.ஏ. மாணவர்கள் எங்களிடம் வருவதே இல்லை. "அவர்களுக்குத்தான் வேலை இருக்கிறதே" என்கிறார் எங்கள் தலைவர். நாங்கள் எதை மாற்றலாம், அம்மா?

பதில்: வேலை இருக்கிறது, சரி. அந்த வேலை அப்படியே போதும் என்றால் பகல் முழுக்க உழைத்துவிட்டு இரவு வகுப்பில் வந்து உட்காருவார்களா?

நானும் அப்படிப் படித்தவள்தான். கொள்முதல் பிரிவில் வேலை, வாரம் மூன்று நாள் மாலை வகுப்பு. ஆறே காலுக்கு ஓடி வருவேன். வழிகாட்டல் அலுவலகத்தை ஐந்தரைக்கே பூட்டியிருப்பார்கள். மூன்றரை ஆண்டில் ஒரே ஒரு முறை, அரை நாள் விடுப்புப் போட்டு உள்ளே போனேன். "கோடை இன்டர்ன்ஷிப் எங்கே?" என்று கேட்டார்கள். பத்து வாரம் வேலையை விட்டுப் போக முடிந்திருந்தால் நான் முழுநேரமாகவே படித்திருப்பேன்.

அவர்களைக் குறை சொல்லவில்லை. 2 ஆண்டுப் படிப்பு, நடுவில் இன்டர்ன்ஷிப், படிப்பு முடிந்து 3 மாதத்துக்குள் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்கு. முழுநேர மாணவருக்காக உருவான இந்த ஏற்பாட்டில்தான் அலுவலகத்தின் நேரமெல்லாம் போய்விடுகிறது.

மாணவர் சேர்ந்த முதல் பருவத்திலேயே அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அதே நிறுவனத்தில் மேலே போக நினைப்பவருக்கு நேர்காணல் பயிற்சி உதவாது. மேலாளரிடம் புதுப் பொறுப்பைக் கேட்டு வாங்குவது எப்படி என்பதுதான் அவர் கற்க வேண்டியது. துறை மாற நினைப்பவருக்கு இன்டர்ன்ஷிப்புக்குப் பதிலாக, வேறொரு நிறுவனத்துக்காக வார இறுதிகளில் செய்யும் சிறு திட்டம் ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள். கடைசி ஆண்டில் தொடங்கினால் அதற்கு நேரம் போதாது.

இன்னொன்று, இதில் மிகவும் கவனமாக இருங்கள். என் வகுப்புத் தோழர் ஒருவரின் ரெஸ்யூமே, மற்றவர்களுடையதோடு சேர்ந்து அவருடைய சொந்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கே போய்விட்டது. மறுநாள் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மாணவர் சம்மதம் இல்லாமல் எதையும் வெளியே அனுப்பாதீர்கள். மாணவரின் படிப்புக் கட்டணத்தை அவர் வேலை செய்யும் நிறுவனம் கட்டியிருந்தால் எத்தனை ஆண்டு அங்கேயே இருக்க வேண்டும், முன்பே விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு அவரோடு உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் தலைவருக்குக் காட்ட ஒரு பதிவும் வேண்டும். சேரும்போது என்ன பதவி, முடிக்கும்போது என்ன, ஓராண்டு கழித்து என்ன என்று ஒவ்வொருவருக்கும் குறித்து வையுங்கள்.

அலுவலக நேரத்தை மாற்ற அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு மாலை, வகுப்பு இடைவேளையில் அறை வாசலில் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். முதல் நாள் இரண்டு பேர்தான் வருவார்கள். அடுத்த வாரமும் அதே இடத்தில் இருங்கள்.