கடற்கரைக்கு வரட்டும் அறிவியல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வட துருவப் பகுதியை ஒட்டிய அமெரிக்க மாநிலமான அலாஸ்காவில் விஞ்ஞானிகள் பொதுமக்களுக்கு இலவசமாகச் சொற்பொழிவு ஆற்றுகிறார்கள் என்று வகுப்பில் சொன்னேன். “நம்ம ஊருக்கு ஏன் யாரும் வர்றதில்ல, டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அங்கே என்ன பேசுகிறார்கள்? நம் கரையில் அது நடக்குமா?
– பள்ளி ஆசிரியை, தங்கச்சிமடம்

பதில்: நடக்கும். அந்த மாணவியின் கேள்வி நியாயமானது என்பதையும் அவளிடம் சொல்லுங்கள்.

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரத்தில் டிசம்பர் இறுதியில் பகல்பொழுது நான்கு மணி நேரம்கூட நீடிக்காது. கடுங்குளிர் நாள்களில் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரிக்கு இறங்கும். வெளிவேலை சுருங்கும் அந்தப் பருவத்து மாலைகளில்தான், 1946-இல் அமெரிக்க நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான, அலாஸ்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புவி இயற்பியல் நிறுவனம் தன் ஆய்வாளர்களைப் பொதுமக்கள் முன் பேச வைக்கிறது. துருவ ஒளி, எரிமலை, நிலநடுக்கம், ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலம் என்று எல்லாமே அலாஸ்கா மக்களின் வாழ்க்கையோடு கலந்தவை. உறைநிலத்தின் மேல் கட்டிய வீட்டின் வெப்பம் கீழே இறங்கி மண்ணுக்குள் இருக்கும் பனிக்கட்டியை உருக்கிவிடும். ஒரு மூலை அதிகமாகவும் இன்னொரு மூலை குறைவாகவும் தாழ்ந்துபோக, சுவர் வெடிக்கும், கதவு நிலையில் இடிக்கும். அதனால்தான் அங்கே பல வீடுகளைத் தூண்கள்மேல் நிறுத்தி, அடியில் குளிர்காற்று புகுந்து போக இடம் விடுகிறார்கள். கதவு மூடாத வீட்டுக்காரர் ஒருவர் இந்த விளக்கத்தை எவ்வளவு கூர்ந்து கேட்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

நம்மிடம் ஆய்வாளர்களுக்குப் பஞ்சமில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகமே 1971-இல் கொச்சிக்கு மாறும்வரை மண்டபம் கேம்ப்பில்தான் இருந்தது. அதன் மண்டல மையம் இன்றும் அங்கே இயங்குகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் 2016-இல் வெளுத்துப்போனதையும், நீர் சூடேறும்போது பவள உயிரி தனக்கு உணவூட்டும் நுண்பாசியை வெளியேற்றிவிடுவதே அதற்குக் காரணம் என்பதையும் ஆய்வாளர்கள் அறிவார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு அதே பாறைகளுக்கிடையே மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்களுக்கு அதை யார் உட்கார்ந்து விளக்கினார்கள்? அவர்கள் பறிக்கும் பாசியிலிருந்து எடுக்கப்படும் அகர் என்ற கூழ்போன்ற பொருள்தான் ஆய்வுக்கூடங்களில் நுண்ணுயிர் வளர்க்கப் பயன்படுகிறது என்பதையாவது சொல்லியிருக்க வேண்டாமா? எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

பேச எடுத்துக்கொள்ள இன்னொரு பொருளும் இருக்கிறது. 1964 மார்ச் 27 அன்று அலாஸ்காவை 9.2 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. புயலின்போது கடல்மட்டம் எப்படி மேலெழுந்து ஊருக்குள் புகுகிறது என்பதை விளக்க, அந்த இரவைக் கண்ட பெரியவர் ஒருவரை முதலில் பேசவிட்டு, அவர் சொன்னதிலிருந்தே ஆய்வாளர் தொடங்கலாம்.

கேள்வி: இலவசம் என்றால் மதிப்பிருக்காது என்கிறார்களே? மீனவர்கள் வருவார்களா?
– வாசகர், கீழக்கரை

பதில்: கட்டணம் வைத்தால் வர வேண்டியவர்கள்தாம் முதலில் விலகுவார்கள். மதிப்பு, நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்; அந்த மாலைகள் ஏற்றவை. நாட்டுப்படகுக்காரர்களுக்கு அப்போதும் தொழில் உண்டு என்பதால், அவர்களிடம் கேட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பாசிக்குப் போகும் பெண்களுக்கும் அப்படியே. இடம் கல்லூரி அரங்கமாக இருக்க வேண்டாம். மீன் ஏலக்கூடமோ பள்ளி வளாகமோ போதும். பேச்சு அரை மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. கேள்விக்கு அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். எந்தக் காற்றுக்கு எந்த மீன் படும் என்று அறிந்தவர்கள் கேட்கும் கேள்விகளிலிருந்து ஆய்வாளரும் குறிப்பெடுத்துச் செல்ல வேண்டியிருக்கும்.

தங்கச்சிமடம் ஆசிரியைக்கு: உங்கள் மாணவியையே மண்டபம் மைய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். அவள் கேட்க விரும்பும் கேள்விகளையும் அதிலேயே எழுதட்டும்.