உள்ளதைச் சொன்னதற்காக வேலை இழந்த அமெரிக்க தூதரக அதிகாரி யாராவது உண்டா?

உண்டு. எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் ஜான் பேட்டன் டேவிஸ்.

1908ல் சீனாவின் சிச்சுவானில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர். 1931ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்து, இரண்டாம் உலகப்போரின்போது சீன-பர்மா-இந்தியப் பகுதியின் அமெரிக்கப் படைத்தலைவர் ஜெனரல் ஸ்டில்வெல்லுக்கு அரசியல் ஆலோசகராக இருந்தார். 1943 ஆகஸ்டில் அசாமிலிருந்து சீனாவுக்குப் பறக்கும்போது, பர்மா எல்லை மலைக்காட்டுக்கு மேலே விமானத்தின் ஒரு எஞ்சின் படுத்துவிட்டது. மூட்டை முடிச்சுகளை வெளியே தள்ளியும் பயனில்லை. எல்லோரும் பாராசூட்டில் குதிக்க வேண்டியதாயிற்று. கீழே இருந்தது தலைவேட்டைக்குப் பேர்போன நாகர்களின் பகுதி. நல்லவேளை, அவர்கள் அடைக்கலம் கொடுத்தார்கள். அப்புறம் மலையேறி இறங்கி நாள்கணக்கில் நடந்துதான் ஊர் வந்து சேர்ந்தார்கள். அந்தக் காட்டில் காட்டிய துணிச்சலுக்காக 1948ல் அரசு அவருக்குப் பதக்கம் கொடுத்தது.

வினை வேறு இடத்தில் இருந்தது. 1944ல் மாவோவின் தலைமையிடமான யெனானுக்குப் போய்வந்தவர், கம்யூனிஸ்டுகள் நிலைத்துவிட்டார்கள், சீனாவின் எதிர்காலம் அப்போது அமெரிக்க ஆதரவோடு ஆண்டுகொண்டிருந்த சியாங் கை ஷேக்கிடம் இல்லை, அவர்களிடம்தான் என்று எழுதி அனுப்பினார். ஆசைப்பட்டு எழுதியதல்ல, பார்த்ததை எழுதியது. 1949ல் அப்படியே நடந்தது, ஆட்சி கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனது. உடனே வாஷிங்டனில் 'சீனாவைத் தொலைத்தது யார்?' என்று ஆள் தேட ஆரம்பித்துவிட்டார்கள். மழை வரும் என்று சொன்னவனையே மழைக்குப் பொறுப்பாக்கிய கதைதான்! டேவிஸ், சர்வீஸ், வின்சென்ட் என்று மாட்டிக்கொண்ட மூன்று சீன நிபுணர்களுக்கும் பெயர் ஜான். சீனாவைத் தொலைத்தது இந்த மூன்று ஜான்களும், நாலாவதாக 'ஜான் கை ஷேக்'கும் என்று அப்போது ஒரு கிண்டல்கூட உண்டு.

டேவிஸ் மீது ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது விசாரணைகள். துரோகம் எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் 1954 நவம்பரில், நிதானமும் நம்பகத்தன்மையும் போதாது என்று சொல்லி வெளியுறவுச் செயலர் டல்லஸ் வேலையை விட்டு நீக்கினார். ராஜினாமா செய்திருந்தால் சத்தமில்லாமல் முடிந்திருக்கும். மனிதர் மறுத்துவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அந்த இடத்தில்தான்.

அப்போது அவர் பெரு நாட்டின் லிமா தூதரகத்தில் இருந்தார். ஊர் திரும்பவில்லை; குடும்பத்தோடு அங்கேயே தங்கி மரச்சாமான் தயாரிக்க ஆரம்பித்தார். சும்மா பிழைப்புக்காக என்று நினைக்க வேண்டாம், அவருடைய வடிவமைப்புக்கு விருதே கிடைத்தது. அரசு ரகசியங்களைக் கையாளத் தேவையான, பறிபோன பாதுகாப்பு அனுமதி அறுபதுகளின் கடைசியில்தான் திரும்பக் கிடைத்தது. 1971ல் செனட் குழு அவரைக் கூப்பிட்டு சீனாவைப் பற்றிக் கேட்டது. அதற்கு அடுத்த வருடம் மாவோவோடு கைகுலுக்கிய அமெரிக்க அதிபர் நிக்சன், அந்தக் காலத்தில் 'சீனாவைத் தொலைத்துவிட்டார்கள்' என்று முழங்கியவர்களில் ஒருவர்.