ஒரு டம்ளர் காபியை எப்படி மறுப்பது?

பால், தயிர், நெய், முட்டை, இறைச்சி என்று விலங்கிலிருந்து வரும் எதுவும் இல்லாத வீகன் சமையலைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் சமையல் குறிப்பு கேட்டவை குறைவு. அம்மா, வீட்டு உரிமையாளர், குடியிருப்போர் சங்கம், ஹோட்டல் சப்ளையர் என்று மனிதர்களைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். 2009-இல் நான் பாலை விட்டபோது எனக்கும் இதே கேள்விகள்தான் இருந்தன. கேட்க ஆளில்லை.

திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எட்டு மாதமாக வீகன். அறையில் நானே சமைப்பதால் சிக்கல் இல்லை. ஊருக்குப் போனபோது அம்மா கரைத்துத் தந்த மோரை வேண்டாம் என்றேன். "பட்டணம் உன்னை மாற்றிவிட்டது" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். என்ன செய்வது?
— வாசகர், வேளச்சேரி

தம்பி, மோர் டம்ளரை நீட்டும்போது அம்மா உங்களிடம் கேட்பது, "நீ இன்னும் என் பிள்ளைதானே?" என்பதை. அதற்கு "வேண்டாம்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் எந்தத் தாய்க்கும் முகம் வாடும்.

நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். பாலை விட்ட முதல் மாதத்திலேயே கும்பகோணத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். புது டிகாக்‌ஷன் இறக்கி, டபராவில் ஆற்றி, நுரையோடு கொண்டுவந்தார். அவரை அப்படியே நிற்க வைத்துக்கொண்டு, பால் கறப்பதற்காக மாட்டை ஆண்டுதோறும் சினைப்படுத்துவதையும், உழவுக்கு வேண்டாததாகிவிட்ட காளைக் கன்றுகள் எங்கே போகின்றன என்பதையும் இருபது நிமிடம் விளக்கினேன். சொன்ன எதுவும் பொய் இல்லை. பெரியம்மா முழுவதும் கேட்டார். பிறகு காபியைத் தொட்டி முற்றத்தில் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அன்று நான் அவரிடம் வேறு ஏதாவது கேட்டு வாங்கிக் குடித்திருக்க வேண்டும். சுக்கு மல்லிக் காபி கேட்டிருந்தால் ஐந்தே நிமிடத்தில் போட்டுக் கொடுத்திருப்பார்.

உங்களுக்கு என்னைவிட வழி எளிது, ஏனென்றால் நீங்கள் திருநெல்வேலிக்காரர். வீகன் சமையலில் ஒருவர் ஆசைப்படக்கூடிய மிகச் சிறந்த பண்டம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. சொதி! தேங்காயை மூன்று பால் எடுத்து, பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, இஞ்சித் துவையலோடு மறுவீட்டில் மாப்பிள்ளைக்குப் போடும் அந்தச் சொதியில் ஒரு சொட்டு மாட்டுப் பால் கிடையாது. அடுத்த முறை கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே தொலைபேசியில், "அம்மா, வரும்போது சொதி வேண்டும். காலையில் நல்லெண்ணெய் விட்டு உளுந்தங்களி வேண்டும்" என்று கேளுங்கள். தேங்காய் துருவ நீங்களே உட்காருங்கள். மோரைப் பற்றிய பேச்சு தானாக வரும். வரும்போது இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள், போதும்.

ஓட்ஸ் பால், பாதாம் பால் எல்லாம் கடையில் லிட்டர் இருநூறு ரூபாய்க்கு மேல். வீகன் என்பது வசதி படைத்தவர்கள் மேல்நாட்டைப் பார்த்துப் பழகியதுதானே?
— வாசகி, வியாசர்பாடி

சொல் மேல்நாட்டது. 1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் பால், முட்டையையும் விலக்குகிறவர்களுக்காகத் தனிச் சங்கம் தொடங்கினார்கள். 'வெஜிடேரியன்' என்ற சொல்லின் தலையையும் வாலையும் மட்டும் எடுத்து 'வீகன்' என்று பெயர் சூட்டினார்கள். தமிழில் இப்போது நனிசைவம் என்று எழுதுகிறோம்.

ஆனால் உணவு? கம்பங்கூழில் மோர் விடாமல் வெங்காயம் கடித்துக் குடித்தால் அது வீகன். இட்லி, புட்டு, இடியாப்பம், புளியோதரை, வத்தக்குழம்பு, கோயில் சுண்டல் எல்லாமே வீகன். (மோர்மிளகாய் வீகன் ஆகாது, தயிரில் ஊறியது. நான் ஓராண்டு கழித்துத்தான் உணர்ந்தேன்.) அட்டைப்பெட்டிப் பால்களை நானும் வாங்குவதில்லை, கட்டுப்படியாகாது.

அவற்றுக்குப் பதில் வேர்க்கடலை வாங்குங்கள், அதிலேயே பால் எடுக்கலாம். நூறு கிராம் பச்சைக் கடலையை இரவு ஊறவையுங்கள். காலையில் தோலைப் பிசைந்து நீக்கி, நைசாக அரைத்து, முக்கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீர் விட்டு வெள்ளைத் துணியில் பிழியுங்கள். அடிபிடிக்காமல் கிளறியபடி பத்து நிமிடம் காய்ச்சினால் பச்சை வாசம் போய்விடும். தயிர் வேண்டுமானால் வெதுவெதுப்பாக ஆறிய பிறகு ஐந்தாறு பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடி வையுங்கள். காம்பிலுள்ள நுண்ணுயிர்களே அதைப் புளிக்க வைக்கும். முதல் தயிர் கொஞ்சம் தளர்வாக இருக்கும். அதில் ஒரு கரண்டி எடுத்து மறுநாள் உறை ஊற்றினால் கெட்டியாகும். கடலை மணம் பிடிக்காதவர்கள் கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். பிழிந்த சக்கையை எறியாதீர்கள், அடை மாவில் சேர்க்கலாம்.

திருவள்ளுவரும் வள்ளலாரும் வீகன்கள் என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். சரியா?
— ஓய்வு பெற்ற தமிழாசிரியர், தாம்பரம்

ஐயா, உங்களுக்கே தெரிந்திருக்கும். புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வைத்த வள்ளுவர், காமத்துப்பாலில் 1121-ஆம் குறளில் காதலியின் வாயூறிய நீரைப் பாலும் தேனும் கலந்த சுவைக்கு ஒப்பிடுகிறார். பாலையும் தேனையும் அவர் விலக்கவில்லை. நம் கொள்கைக்கு ஆள் சேர்ப்பதற்காக அவர் சொல்லாததை அவர் வாயில் வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

வள்ளலாரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு. 1867-இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கி அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. உயிர்களுக்கு இரங்குவது என்றால் முதலில் எதிரே பசித்து நிற்பவனுக்குச் சோறு போடுவது என்று அவர் வைத்த வரிசை இருக்கிறதே, அதை வீகன்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஹோட்டலில் எதை நம்பிச் சாப்பிடுவது?
— வாசகி, அண்ணா நகர்

கூட்டம் குறைந்த வேளையில் போங்கள். சப்ளையரிடம் "வீகன்" என்று சொன்னால் சாலட் இருக்கிறதா என்று பார்க்கப் போவார். "பால், தயிர், நெய், வெண்ணெய் எதுவும் கூடாது, எண்ணெய் போதும்" என்று சொல்லுங்கள், உடனே புரியும். பொங்கல், கேசரி இரண்டையும் மறந்துவிடுங்கள். ரவா தோசையில் சில இடங்களில் மோர் சேர்ப்பார்கள், பரோட்டா மாவில் பாலோ முட்டையோ இருக்கலாம், அவியலில் தயிர் உண்டு, குருமாவைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சாம்பாரிலும் ரசத்திலும் கடைசியில் நெய் ஊற்றும் கடைகள் உண்டு. ஆப்பம் தேங்காய்ப்பால், இட்லி, எண்ணெய் தோசை, பூரிக் கிழங்கு பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பொட்டலங்களில் சதுரத்துக்குள் இருக்கும் பச்சைப் புள்ளி சைவத்துக்கான குறி, பால் இல்லை என்று பொருளில்லை. வீகன் உணவுக்கென்று தனி விதிமுறைகள் 2022-இல் வந்திருக்கின்றன. அதற்குரிய பச்சை நிற 'வி' முத்திரையைத் தேடுங்கள்.

சென்னையின் மீனவர் பகுதியான காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். இரண்டு ஆண்டுகளாக வீகன். வாடகைக்கு வீடு தேடியபோது ஒரு வீட்டு உரிமையாளர் "சைவம்தானே?" என்று கேட்டார். பால்கூடச் சேர்ப்பதில்லை என்றதும் மிகவும் மகிழ்ந்தார். அடுத்து அப்பாவுக்கு என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். வீடு வேறு ஒருவருக்குப் பேசியாகிவிட்டது என்றார். அன்று முதல், நான் வீகன் என்று சொல்லிக்கொள்ளவே கூசுகிறது.
— வாசகி, சென்னை

மகளே, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்த உரிமையாளர் முதல் கேள்வியிலேயே உங்கள் சாதியைத்தான் கேட்டார். நீங்கள் உங்கள் சாப்பாட்டைச் சொன்னதால் இரண்டாவது கேள்வி தேவைப்பட்டது. 'சைவர்களுக்கு மட்டும்' என்று இந்த நகரத்தில் தொங்கும் பலகைகளுக்கு எந்த உயிரின் மீதும் இரக்கம் கிடையாது. நான் குடியிருக்கும் மேற்கு மாம்பலத்திலும் அவற்றைப் பார்க்கிறேன். அந்த வீடுகளில் பாலும் நெய்யும் தாராளமாகப் புழங்குகின்றன. அந்தப் பாலைத் தரும் மாட்டை அங்கே யாரும் நினைப்பதில்லை.

என் சிறுவயதில் எங்கள் வாசலுக்கே மாட்டை ஓட்டி வந்து பால் கறந்து ஊற்றுவார்கள். கறப்பவர் தோளில் ஒரு தோல்கன்று இருக்கும். செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்தது. அதை முன்னால் நிறுத்தினால் தாய் மாடு நக்கும், பால் சுரக்கும். நாங்கள் சொம்போடு நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்த எங்கள் தெருவில் எல்லோரும் சைவர்கள். தங்களைச் சுத்தமானவர்கள் என்று உறுதியாக நம்பியவர்கள். பல ஆண்டுகள் கழித்து என்னைப் பாலை விட வைத்தது அந்த மாட்டின் நாக்குதான்.

எங்கள் மொட்டைமாடியில் மாதத்தின் முதல் ஞாயிறு இருபது பேர் வரை கூடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவர வேண்டும். 'சுத்தம்', 'தீட்டு' என்ற இரண்டு சொற்களை உணவைப் பற்றி யாரும் சொல்லக் கூடாது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தோம். ஒருவர் சொன்னார், திருத்தினோம், மறு மாதம் அவர் வரவில்லை. அவருக்காக அந்த முடிவை மாற்றவில்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் மீன் குழம்பு கொதிக்கிறது. என் வீட்டிலேயே கணவர் இன்றும் பால் காபிதான் குடிக்கிறார்.

நீங்கள் வீகன் என்பதை எந்த வீட்டு உரிமையாளரிடமும் நற்சான்றிதழாகக் காட்டாதீர்கள். "என்ன சமைப்போம் என்பது எங்கள் விஷயம், வாடகை ஐந்தாம் தேதிக்குள் வரும்" என்று சொல்லுங்கள். அப்பா கொண்டுவரும் மீனை அம்மா ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் உங்கள் கத்தரிக்காயை நறுக்குங்கள். சொல்லக் கூச வேண்டியவர் நீங்கள் இல்லை.

வைட்டமின் பி12 மாத்திரை கட்டாயமா?
— வாசகர், குரோம்பேட்டை

கட்டாயம். தாவர உணவில் நம்பத்தகுந்த அளவில் அது கிடையாது. பழைய சோற்றிலும் கீரையிலும் கிடைத்துவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நான் நம்பி, நான்காம் ஆண்டு பாதம் மரத்துப்போய் மருத்துவரிடம் போனேன். ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, அவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் உண்டு. கேழ்வரகில் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 140 வீடுகள். பொங்கலன்று முற்றத்தில் ஒரே பானையில் பால் பொங்க வைத்து எல்லோரும் சாப்பிடுவோம். இந்த ஆண்டு நான் என்ன செய்வது? போகாமல் இருந்துவிடலாமா?
— வாசகி, பெரும்பாக்கம்

போகாமல் இருக்காதீர்கள். நகரத்தில் அண்டை வீட்டார் முகத்தைப் பார்க்கக் கிடைப்பதே அந்த ஒரு காலைதான்.

பொங்குவதற்குப் பால்தான் வேண்டும் என்பதில்லை. அரிசி களைந்த தண்ணீரைப் பானையில் ஊற்றிப் பொங்க வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அது பாலைப் போலவே நுரைத்து வழியும். மார்கழி பாதிக்குள் சங்கத்தாரைப் பாருங்கள், பொருள் பட்டியல் எழுதிய பிறகு போய்ப் பயனில்லை. இருக்கும் பானையை மாற்றச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இன்னொரு பானை வைக்க மூன்று செங்கல்லுக்கு இடம் கேளுங்கள், செலவு உங்களுடையது என்று சொல்லிவிடுங்கள். மறுநாள் மாட்டுப் பொங்கல் என்பதையும் நினைவூட்டலாம். நான் அப்படித்தான் கேட்டேன், ஒருவரும் மறுக்கவில்லை.

ஒரு கிலோ பச்சரிசிக்குக் கால் கிலோ பாசிப்பருப்பு, ஒன்றரைக் கிலோ வெல்லம், நான்கு முற்றிய தேங்காய். தேங்காயின் இரண்டாம், மூன்றாம் பாலில் அரிசியையும் பருப்பையும் குழைய வேகவிட்டு, வெல்லப்பாகை வடிகட்டி ஊற்றிக் கிளறுங்கள். முதல் பாலை இறக்கிய பிறகுதான் சேர்க்க வேண்டும், அடுப்பில் கொதித்தால் திரிந்துவிடும். தேங்காய்ச் சில்லையும் முந்திரியையும் தேங்காய் எண்ணெயில் சிவக்க வறுத்துப் போடுங்கள். ஏலத்தோடு துளி பச்சைக் கற்பூரம். இந்த அளவு சிறு தொன்னையில் ஐம்பது பேருக்கு வரும். எங்கள் தெருவில் முதல் ஆண்டு அது போதாமல் போயிற்று. நீங்கள் இரண்டு கிலோவாகவே போட்டுவிடுங்கள்.